பலகையில் இல்லாத வரி

சுங்கச்சாவடிப் பலகை சொல்கிறது:
குதிரை பூட்டிய வண்டி, நாலு பென்னி.
செம்மறி, இருபதுக்கு ஐந்து.
பன்றி, தலைக்கு அரை.
சவப்பெட்டியும் அதைத் தூக்குவோரும் இலவசம்.
எழுதியவன் செத்து நாற்பது வருஷம்.
சைக்கிள் என்றொரு பொருளை அவன் கண்டதேயில்லை.

ஹெஸ்டர் ட்ரிங் கண்டாள்.
லிங்கன்ஷயர் சதுப்பின் மார்ச் காற்றில்
தொப்பியைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்து நின்றார்
பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் ஆம்ப்ரோஸ் எப்டன்.
நாலு பென்னி என்றாள்.
எதற்கு, குதிரை எங்கே என்றார்.
அவள் சங்கிலியைப் பார்த்தாள்,
முட்டிவரை சேறப்பிய அவர் கால்களைப் பார்த்தாள்.
"பூட்டியிருப்பது நீங்கள்தான்."

அன்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.
அடுத்த வாரம் சிரிக்கவில்லை.
அதற்கடுத்த வாரம் கொடுக்கவில்லை,
இறங்கி உருட்டிப் போனார்,
உருட்டும்போது நான் பாதசாரி என்று
மழையில் திரும்பிப் பார்த்துக் கத்தியபடி.

அக்டோபரில் டர்னிப் ஏற்றிய வண்டியொன்று
அவரைப் பள்ளத்தில் தள்ளியது.
மேற்குக் கரை நீதிமன்றம் சொன்னது:
சாலையில் பாதியை விடவேண்டியது வாகனத்துக்கு.
இதுவோ ஒரு மனிதர் ஏறி உட்கார்ந்த சாமான்.
நஷ்டஈடு கிடையாது.

நவம்பரில் கிழக்குக் கரை.
இறக்கத்தில் பறந்துவந்து
போதகரின் வாத்துகளைச் சிதறடித்ததாக வழக்கு.
வாகனத்தை வெறிகொண்டு ஓட்டிய குற்றம்,
பத்து ஷில்லிங்.

அடிபடும்போது சாமான்,
அபராதத்துக்கு வாகனம்.
இரண்டுக்கும் நடுவே தொண்ணூறு கஜம் மரப்பாலம்,
அதன் ஒரு முனையில்
கணக்குப் புத்தகமும் கம்பளிக் கையுறையுமாக அவள்.

எலி சுமந்தாலும் வாகனம்தான் என்று
எப்போதோ தீர்த்துவைத்த மொழியில் இதை எழுதுகிறேன்.
எங்களுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று
சற்று நேரம் பெருமையாக இருந்தது.
பிறகு தோன்றியது,
அந்த எலியை யாரும் சுங்கச்சாவடியில் நிறுத்தியதில்லை.

அபராதம் கட்டிய வியாழக்கிழமை
எப்டனின் பையில் இசைக்கவை தவிர
ஒலிக்கிற எதுவும் இல்லை.
பழைய பாக்கிக்கு அடகு என்று
சைக்கிளைச் சாவடிச் சுவரில் சாய்த்துவிட்டு
பள்ளிக்கூட ஹார்மோனியத்தை நோக்கி
ஆறு மைல் நடந்தார்.

முதல் நாள் அதன்மேல் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டாள்.
இரண்டாம் நாள் மணியை, ஒரே ஒரு தரம்.
மூன்றாம் இரவு கேட்டைப் பூட்டியபின்
பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே
ஆட்டுக்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

விழுந்தாள்.
கைப்பிடியைப் பற்றி எழுந்து, ஏறி,
மறுபக்கமாக விழுந்தாள்.
பத்தொன்பது வருஷமாக அந்தப் பாலத்தில்
அவளுக்கு முன்னால் எல்லாமே நகர்ந்திருக்கின்றன,
பன்றிகள், கல்யாணங்கள், தலைக்கு இவ்வளவு என்று.
எண்ணுகிறவள் அசையக்கூடாது.
எப்படியோ ஒரு தடவை
பலகைகள் அடியில் கடகடவென்று ஓட
ஆறு நின்றது, அவள் போனாள்.
இறங்கத் தெரியாததால்
மேற்குக் கரையின் முள்வேலிதான் நிறுத்தியது.

காலையில் எப்டன் வந்தார், சில்லறையோடு.
அவள் முட்டியில் கட்டு,
சைக்கிளின் முன்சக்கரத்தில் ஒரு முட்கிளை.
எதையும் கேட்காமல்
தன் பாக்கி அடிக்கப்பட்டதா என்று பார்க்கப்
புத்தகத்தைத் திருப்பினார்.
கடைசி வரி, மை இன்னும் முழுக்கக் காயவில்லை:
வாகனம், ஒன்று. இரவு.
நாலு பென்னி, பெறப்பட்டது.

"இரவில் யார் கடந்தது?"

ஹெஸ்டர் ட்ரிங் கேட்டைத் தூக்கினாள்.
பின்னால் டர்னிப் வண்டி காத்திருக்கிறது,
நகருங்கள் என்றாள்.